மெலிந்த அம்மாவுக்குக் கொழுப்பீரல், பருத்த மாமிக்கு ஒன்றுமில்லை: ஏன்?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது, 49 கிலோ, உயரம் 152 சென்ரிமீற்றர். பார்த்தால் மெலிந்த உடம்பு. இரண்டு வருடமாகச் சீனி வருத்தம். போன மாதம் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே வளவில் இருக்கும் மாமி 80 கிலோ. அவருக்குச் சீனியும் இல்லை, ஈரலும் சுத்தம். "மெலிந்த ஆளின் ஈரலுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கொழுப்பால் உடம்புக்கு ஏதாவது பயன் இருக்கிறதா, இல்லை முழுதாக இல்லாமல் செய்துவிட்டால் நல்லதா?" இதுதான் கேள்வி.

நான் பல வருடம் இந்த மட்டக்களப்பு மாவட்டத்துக் கிளினிக்குகளில் நோயாளர்களைப் பார்த்தவன். இதே கேள்வியைப் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். படுவான்கரையில் இருந்து வந்த ஒரு அம்மா, கையை நீட்டித் தன் தோலைக் கிள்ளிக் காட்டி, "கிள்ளினாத் தோல்தான் மனே வருது, இதுக்குள்ள கொழுப்பு எங்க கிடக்கு?" என்று கேட்டார். அவர் கிள்ளிய இடத்தில் கொழுப்பு இல்லாததுதான் அவருடைய பிரச்சினையில் பாதி. அது எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆட்டிறைச்சி வாங்கப் போன இடத்தில் சிறுநீரகத்தைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? கடைக்காரர் அதை வெளியே எடுக்கும்போது சிறுநீரகமே கண்ணுக்குத் தெரியாது. கை நிறைய ஒரு வெள்ளைக் கட்டிதான் தெரியும். கத்தி நுனியால் கீறி அந்த வெள்ளையைப் பிரித்தெடுத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, மினுமினுவென்று சிறுநீரகம் இருக்கும். அந்த வெள்ளைதான் கொழுப்பிழையம். கடைக்காரர் வாளிக்குள் வீசுகிற அந்தப் பொருளுக்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது, நோயெதிர்ப்புக் கலங்கள் குடியிருக்கின்றன. சிறு துண்டு ஒன்றை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரித் தெரியும். ஒவ்வொரு கலத்தின் வயிற்றையும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி அடைத்திருக்கும். கலத்தின் கரு ஓரத்துக்குத் தள்ளுண்டு, மோதிரத்தில் பதித்த கல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தக் கலம் செய்கிற முதல் வேலை சேமிப்பு. அதை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல உன்னிச்சைக் குளத்தை விட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. மாரியில் பெய்கிற மழையைக் குளம் வாங்கி வைக்காவிட்டால் சிறுபோக வெள்ளாமை இல்லை. உடம்பிலும் அதே கணக்குத்தான். சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் கொழுப்புக் கலத்தின் மதகு மூடப்படும், உள்ளே வருவது சேமிக்கப்படும். சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆனதும் இன்சுலின் இறங்கும், மதகு திறக்கும். உள்ளே முக்கிளிசரைட்டு என்ற வடிவில் இருக்கிற கொழுப்பு உடைந்து கொழுப்பமிலமாக இரத்தத்துக்குள் போகும். இதயத் தசை பெரும்பாலும் வேலை செய்வதே இந்தக் கொழுப்பமிலத்தை எரித்துத்தான். நோன்பு மாதத்தில் அஸர் நேரத்தில் சம்மாந்துறை வட்டையில் நின்று வேலை செய்கிற ஒருவருடைய உடம்பு, ஸஹருக்குச் சாப்பிட்ட சோற்றில் அந்நேரம் ஓடுவது குறைவு. பெரும்பகுதி இந்த மதகு திறந்து வருகிற கொழுப்பில்தான் ஓடுகிறது.

ஏன் கொழுப்பு, ஏன் மாச்சத்தாகச் சேமிக்கக் கூடாது என்று கேட்கலாம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்தில் 4. அதோடு மாச்சத்தை உடம்பு கிளைக்கோசனாக வைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் கட்டிச் சுமக்க வேண்டும். ஈரலில் கிடக்கிற கிளைக்கோசன் சுமார் 100 கிராம், அதாவது 400 கலோரி. அது ஒரு நாளைக்கே போதாது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருந்தால் அதில் கிடப்பது 1,35,000 கலோரி. கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு மேல் காணும். அதே சக்தியைக் கிளைக்கோசனாக வைத்திருந்தால் அந்தப் பெண் 100 கிலோவுக்கு மேல் அதை மட்டுமே சுமந்து திரிய வேண்டும். குமணவுக்கு வருடாவருடம் வருகிற வலசைப் பறவைகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் இரை கிடைக்காத தூரத்தை அவை கடப்பது, புறப்படும் முன் உடம்பில் ஏற்றிக்கொண்ட கொழுப்பை நம்பித்தான்.

சேமிப்பு தவிரச் சின்னச் சின்ன வேலைகளும் உண்டு. குதிகாலின் கொழுப்பு மெத்தை இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் எலும்பில் இடிக்கும். கண்விழியைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. நாட்பட்ட பட்டினியில் கண் குழி விழுவது அது கரைவதால். சிறுநீரகத்தைச் சுற்றிய கட்டியைத்தான் முதலில் பார்த்தோம். விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. விற்றமின் டி கணிசமாகக் கொழுப்பிழையத்தில் போய்த் தங்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடலுக்கு முன்னால் ஏப்ரன் கட்டினது மாதிரி ஒரு கொழுப்புத் திரை தொங்குகிறது. குடல்வால் அழற்சிக்கு வயிற்றைத் திறக்கும்போது சில நேரம் குடல்வாலைத் தேட வேண்டியே இருக்காது. இந்தத் திரை அது இருக்கிற இடத்துக்குப் போய், வீங்கின குடல்வாலைச் சுற்றிப் பொத்திக்கொண்டு நிற்கும். சீழ் வயிறு முழுக்கப் பரவாமல் மறித்து வைத்திருக்கும். அந்தத் திரைக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள் புள்ளி புள்ளியாகக் கூடி இருக்கின்றன. முதல் தடவை அதைக் கண்ணால் பார்த்த நாளில் இருந்து, கொழுப்பை வெறும் கழிவாக நினைக்க என்னால் முடியவில்லை.

கபிலக் கொழுப்பு என்று இன்னொரு வகை உண்டு. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக முதுகுப் பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற இந்தக் கொழுப்பு தன்னைத்தானே எரித்துச் சூடு கொடுக்கும். கலத்துக்குள் எரிப்பு வேலையைச் செய்கிற இழைமணிகள் நிறைந்திருப்பதால்தான் அந்த நிறம். பெரியவர்களிடமும் கழுத்து, காறை எலும்புப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பதை 2009இல் தெளிவாகக் காட்டினார்கள். நம் வெக்கையில் அதற்குப் பெரிய வேலை இல்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம். கொழுப்பிழையம் மூளையோடு கதைக்கிறது.

1950இல் அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுகூடத்தார் ஒரு வகை எலியைப் பற்றி எழுதினார்கள். பிறப்பிலேயே ஒரு மரபணுக் குறை. தின்றுகொண்டே இருக்கும், மற்ற எலியை விட மூன்று மடங்கு கனக்கும். 1994இல் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் கூட இருந்தவர்களும் அந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புக் கலம் இரத்தத்துக்குள் விடுகிற ஒரு ஓமோன் அந்த எலிக்கு இல்லை. அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். "குளத்தில் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது" என்று மூளைக்குச் சொல்கிற அளவுகோல் அது. அளவுகோல் இல்லாத மூளை, குளம் வற்றிப்போனது என்றே நினைத்துப் பசியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். மனிதரிலும் மிக அரிதாக இந்தக் குறை உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1999இல் எழுதிய ஒரு சிறுமி, 9 வயதில் 94 கிலோ. லெப்டின் ஊசி போட்ட 12 மாதத்தில் 16 கிலோ குறைந்தாள். அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஓமோன் குறை. ஆனால் அதற்கு முன் அவளையும் தாயையும் எத்தனை பேர் "வாயைக் கட்டத் தெரியாதா" என்று கேட்டிருப்பார்கள்!

அப்படியென்றால் பருத்த எல்லோருக்கும் லெப்டின் கொடுக்கலாமே என்றுதான் அப்போது உலகமே நினைத்தது. பலிக்கவில்லை. பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளை அதற்குச் செவி கொடுப்பது குறைந்து போயிருக்கிறது. லெப்டினின் சத்தம் மூளைக்கு நன்றாகக் கேட்பது அது குறையும்போதுதான். எடை இறங்கினால் லெப்டின் சட்டென்று இறங்கும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். பசி கூடும், உடம்பு செலவைக் குறைக்கும், பெண்களுக்கு மாதவிடாய் கூடத் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். கடும் பட்டினி கிடக்கிற பெண்பிள்ளைகளுக்கும், மிதமிஞ்சி மெலிந்த ஓட்ட வீராங்கனைகளுக்கும் மாதவிடாய் நிற்பது இதனால்தான். ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றுப் பால் கொடுக்கப் போதிய இருப்பு இல்லை என்று உடம்பு முடிவு செய்கிறது. எடை குறைத்த ஒருவர் நாலு மாதத்தில் திரும்ப ஏறினால் அவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று வீட்டில் ஏசுவார்கள். தயவுசெய்து ஏசாதீர்கள். அவர் மல்லுக்கட்டுவது தன் மூளையின் பஞ்ச எச்சரிக்கையோடு.

லெப்டின் மட்டுமல்ல. கொழுப்பிழையம் அடிப்போநெக்டின் என்று இன்னொரு ஓமோனை விடுகிறது. அது இன்சுலினின் வேலையை இலேசாக்கும். ஆனால் கொழுப்புக் கலம் அளவுக்கு மிஞ்சி நிரம்பும்போது அது குறைந்துபோகும். இன்னொன்று, கொழுப்பிழையம் ஆண் ஓமோனை ஈஸ்திரசனாக மாற்றும். மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு பெண்ணின் உடம்பில் ஈஸ்திரசன் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. எலும்புக்கு அது கொஞ்சம் துணை. மிஞ்சினால் மார்பகத்திலும் கருப்பையின் உள்தோலிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும்.

சரி, முழுதாக இல்லாமல் செய்தால் என்ன? அந்தச் சோதனையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. பிறவியிலேயே கொழுப்பிழையம் உருவாகாத சிலர் உலகில் இருக்கிறார்கள். தோலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கை கால் இரத்தக் குழாயெல்லாம் கயிறு மாதிரித் தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும். கொழுப்பே இல்லாதவருக்குச் சீனியும் கொலஸ்ட்ரோலும் கிட்ட வராது என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. சின்ன வயதிலேயே கடுமையான சீனி வருத்தம், பெருத்த கொழுப்பீரல், இரத்தத்தில் முக்கிளிசரைட்டு மிக அதிகம். முக்கிளிசரைட்டு எல்லை மீறி ஏறின இரத்தத்தை ஆய்வுகூடத்தில் குழாயில் சுழற்றி வைத்தால், மேலே தெளிந்து வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய நீர் தேங்காயின் முதற்பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். ஒருதரம் பார்த்தால் மறக்காது. குளம் இல்லாத ஊரில் மழை பெய்தது மாதிரித்தான். கொழுப்புக்குப் போய்த் தங்க இடமில்லை, அதனால் ஈரலுக்கும் தசைக்கும் இரத்தத்துக்கும் புகுந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொழுப்பிழையம் இல்லாத எலிகளுக்கு நல்ல எலியின் கொழுப்பைத் தோலுக்கடியில் பதித்துப் பார்த்தார்கள். சீனி வருத்தம் மாறியது. கொழுப்பை வைத்துச் சீனி வருத்தத்தை மாற்றியிருக்கிறார்கள்!

உங்கள் அம்மாவின் கதைக்கு இப்போது வருவோம். கொழுப்பிழையம் இருப்பதால் நோய் வருகிறது என்பதை விட, இருக்கிற கொழுப்பிழையத்தில் இடம் முடிந்துபோவதால் நோய் வருகிறது என்பதுதான் சரியான விளக்கம். கார்த்திகை மார்கழியில் "உன்னிச்சை வான்கதவு திறந்தாச்சாம்" என்று செய்தி வந்தால் கீழே இருக்கிற ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோலுக்கடியில், முக்கியமாக இடுப்புக்குக் கீழே தொடையிலும் பிட்டத்திலும் இருக்கிற கொழுப்பு நல்ல குளம். கட்டு உறுதியானது, அவ்வளவு தொல்லை தராது. அது நிரம்பினால் மிச்சம் வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் போய்ச் சேரும். அங்கே இருந்து கசிகிற கொழுப்பமிலம் வாயில் நாளம் என்கிற இரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குள் இறங்குகிறது. ஈரலில் படிகிறது, பிறகு இன்சுலினைச் சுரக்கிற சதையியிலும் படிகிறது. கொழுப்பு ஏறிய ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது, இரவு முழுக்கக் குளுக்கோசை இரத்தத்துக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். இராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, விடியப் பார்த்தால் சீனி 160 என்று எத்தனை பேர் ஆச்சரியப்பட்டுச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சீனி ஈரலில் இருந்து வந்தது. மிதமிஞ்சி நிரம்பிய கொழுப்பிழையத்துக்கு உள்ளேயும் கலங்கள் மூச்சுமுட்டிச் சாகும். அவற்றைத் துப்புரவாக்க நோயெதிர்ப்புக் கலங்கள் வந்து கூடும். 2003இல் இதைக் கண்டுபிடித்த பிறகு, உடற்பருமனை ஒரு மெல்லிய நாட்பட்ட அழற்சியாகவும் பார்ப்பது வலுப்பெற்றது.

ஸ்கேன் திரையில் இதை நீங்களே பார்க்கலாம், அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். நல்ல ஈரலும் பக்கத்தில் இருக்கிற வலது சிறுநீரகமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். கொழுப்பு ஏறின ஈரல் வெளிறி வெள்ளையாகத் தெரியும், சிறுநீரகம் அதன் பக்கத்தில் கறுப்பாக நிற்கும். ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு ஈரல் இப்படி இருந்தது.

எல்லோருக்கும் குளம் ஒரே அளவு இல்லை. இதில் நம் ஆட்கள், தெற்காசியர் முழுப்பேரும், சின்னக் குளத்துக்காரர். பூனேயில் இருக்கிற மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக்கும் லண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் காட்டியது. யாஞ்ஞிக்கின் ஆய்வில் பூனேயில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. அந்த 800 கிராம் குறைவு தசையிலும் உறுப்புகளிலும் வந்ததுதான். முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே தசை குறைவு, கொழுப்பு ஈடாக இருக்கிறது. தசை முக்கியம், ஏனென்றால் சாப்பிட்ட பிறகு குளுக்கோசின் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடம் தசைதான். இதையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 தாண்டினாலே கவனம் வேண்டும் என்று 2004இல் எழுதியது.

உங்கள் அம்மாவுக்குச் சுட்டி 21 அளவில் வரும். அட்டவணைப்படி அவர் சரியான எடை. ஆனால் 54 வயது, மாதவிடாய் நின்றிருக்கும். ஈஸ்திரசன் இருக்கும்வரை பெண்ணுடம்பு கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் வைக்கும். அது இறங்கின பிறகு அதே கொழுப்பு வயிற்றுக்கு மாறும். எடை கூடாமலே இது நடக்கும். பழைய சட்டையின் கை தளர்ந்திருக்கும், வயிற்றுப் பக்கம் மட்டும் இறுகும், கவனித்துப் பாருங்கள். மாமியுடைய குளம் பெரிது, தோலுக்கடியில் இன்னும் இடம் இருக்கிறது. அதற்காக அவரைச் சுகதேகி என்று விட்டுவிடாதீர்கள். முழங்கால், பிரஷர், நித்திரையில் மூச்சு அடைப்பு என்று எடைக்கு வேறு செலவுகள் உண்டு. அவருடைய குளமும் ஒரு நாள் நிரம்பலாம். வருடத்துக்கு ஒருதரம் அவரும் சீனி பார்க்க வேண்டும்.

குளத்தின் அளவு பற்றிச் சொன்னதற்கு இரண்டு சாட்சி சொல்கிறேன். பயோகிளிட்டசோன் என்று சீனிக்கு ஒரு குளிசை இருக்கிறது. அது தோலுக்கடியில் புதிய கொழுப்புக் கலங்களை உருவாக்கும். அந்தக் குளிசையைக் குடிப்பவர்களுக்கு எடை ஏறும், ஆனால் ஈரல் கொழுப்பும் சீனியும் இறங்கும். கட்டை உயர்த்திக் குளத்தைப் பெருப்பித்தது மாதிரி. மற்றது, 2004இல் அமெரிக்காவில் பருத்த பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் இருந்து கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். இடை மெலிந்தது. சீனி, பிரஷர், இன்சுலின் வேலை ஒன்றும் மாறவில்லை. எடுத்தது குளத்துக் கொழுப்பு, ஈரலுக்குள் கிடந்தது அப்படியே கிடந்தது. கொழும்புக்குப் போய்க் காசு கொடுத்துக் கொழுப்பெடுக்க நினைக்கிறவர்கள் அழகுக்கு என்றால் எடுக்கட்டும், சீனி வருத்தத்துக்கு அது மருந்து இல்லை.

அப்புறம், கொழுப்பு உடம்பை விட்டுப் போவது எப்படி என்றும் பலருக்குத் தெரியாது. பெல்ட்டைக் கட்டி வேர்த்தால் கரையும், ஒரு தேத்தண்ணி குடித்தால் மலத்தோடு போகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். போகாது. 2014இல் அவுஸ்திரேலியாவில் இரண்டு பேர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் வெளியேறும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகும். எடை குறைவது மூச்சு வழியாகத்தான். ஆனால் கொழுப்புக் கலங்கள் போவதில்லை. சுவீடனில் 2008இல், பழைய அணுகுண்டுச் சோதனைகளால் வளியில் பரவிய காபன்-14 என்கிற கதிரியக்கக் காபனை அளந்து கலங்களின் வயதைக் கண்டுபிடித்தார்கள். வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கலம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. எடை குறைத்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை, கலங்கள் சுருங்குகின்றன, அவ்வளவுதான். வற்றின குளம் குளமாகவே இருக்கும்.

இனி அம்மாவுக்குச் செய்யக்கூடியது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர், ஒவ்வொருவருக்கும் தாங்கக்கூடிய கொழுப்புக்கு ஒரு சொந்த எல்லை உண்டு என்று சொல்கிறவர். பருத்தவர்களில் 15 கிலோ அளவு குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் சீனி வருத்தம் தணிந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு சாதாரண எடையுள்ள 20 சீனி வருத்தக்காரரை எடுத்தார். 14 பேருக்குச் சீனி வருத்தம் தணிந்தது. அதற்கு அவர்கள் குறைக்க வேண்டியிருந்தது சராசரி 6.5 சதவீத எடைதான். உங்கள் அம்மாவின் கணக்கில் அது மூன்று கிலோ. மெலிந்த ஆளிடம் எடையைக் குறை என்று சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஈரல் கொழுப்புத்தான் முதலில் இறங்குகிறது, பத்துக் கிலோ, பதினைந்து கிலோ என்று குறைய வேண்டியதில்லை. சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் சாப்பாட்டைக் குறைக்கும் முன் கிளினிக்கில் கேட்டே ஆக வேண்டும், சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயங்கிவிடுவார். இன்னொன்றும் கேட்கிறேன்: அவர் முன்பு பருமனாக இருந்து, ஒரு வருடத்துக்குள் காரணம் தெரியாமல் மெலிந்தவரா? அப்படியென்றால் நான் சொன்ன விளக்கம் பொருந்தாமல் போகலாம், சதையியையும் பார்க்க வேண்டும். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. கொழுப்பீரல் என்று சொன்னவுடன் நம் வீடுகளில் முதலில் நிற்பது முட்டையும் தேங்காய்ப்பாலும். தேங்காய்ப்பாலைக் குறைப்பது கொலஸ்ட்ரோலுக்கு நல்லதுதான். ஆனால் மூன்று வேளையும் கோப்பை நிறையச் சோறும் பிட்டும், நாலு தரம் சீனி போட்ட தேத்தண்ணியும் அப்படியே இருந்தால் ஈரல் மிஞ்சின மாச்சத்தில் இருந்து தானே கொழுப்பைச் செய்துகொள்ளும். சீனியை நிறுத்தட்டும். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்துக்கு மீனும் பருப்பும் கீரையும் வரட்டும். மீன் நமக்குப் பஞ்சமில்லை. புரதம் குறைந்தால் குறைகிற எடை தசையில் இருந்து போகும், அது கூடாது. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகலில் நடக்க முடியாது, விடியற்காலையோ பொழுது சாயவோ கடற்கரைப் பக்கம் அரை மணி நேரம் நடக்கலாம். நடையை விட எனக்கு முக்கியமாகப் படுவது தசைக்கு வேலை கொடுப்பது: கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் பிடித்துத் தூக்குவது. வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

தராசை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத் தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுங்கள். சேலையைத் தளர்த்திவிட்டு அம்மா நேராக நிற்கட்டும். கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், அவர் சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு வாசியுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் திகதியோடு கிளினிக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதே இடத்தில் அளந்து அதற்குக் கீழே எழுதுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள். மாமியையும் ஒருதரம் அளந்து பாருங்கள்.